கடற்கரை விரிப்பும் ஒரு கடன் விண்ணப்பமும்

கடன் விண்ணப்பப் படிவத்தில் ‘உற்பத்தி செய்யவிருக்கும் பொருள்’ என்று ஒரு கட்டம் உண்டு. என் கிளைப் பணிக் காலத்தில் அந்தக் கட்டத்தில் நான் படித்தவை பெரும்பாலும் ஒரே வகையானவை: காகிதத் தட்டு, மசாலாப் பொடி, ஊறுகாய், ஆயத்த ஆடை, சிமென்ட் கல். கர்நாடகக் கடற்கரையில், மங்களூருக்கு வடக்கேயுள்ள ஒரு கிளையில் பணியாற்றியபோது வந்த விண்ணப்பமொன்றில் மட்டும் எழுத்துகள் கட்டத்துக்குள் அடங்காமல் ஓரத்திலும் ஏறியிருந்தன. ‘அலைச்சறுக்கு வீரர்களும் கூடாரங்களில் தங்குவோரும் உடை மாற்றுவதற்கான, மெத்தை வைத்த விரிப்பு’ என்று எழுதப்பட்டிருந்தது.

விண்ணப்பித்தவர் பள்ளிப் பைகளும் இருசக்கர வாகன இருக்கை உறைகளும் தைத்து விற்றுவந்த ஓர் அம்மையார். கிளையின் நெடுநாள் வாடிக்கையாளர். கேட்டிருந்த தொகை 4 இலட்சம் ரூபாய். மாதிரி ஒன்றையும் கையோடு கொண்டுவந்திருந்தார். வட்டமான துணி, உள்ளே பஞ்சு, ஓரத்தைச் சுற்றிக் கயிறு. பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப்பையை ஒரு மீட்டர் அகலத்துக்குப் பெரிதாக்கியதுபோல் இருந்தது.

“இதை யார் வாங்குவார்கள், அம்மா?” என்று கேட்டேன். வங்கி அலுவலர்கள் முதலில் கேட்கும் கேள்வி அதுதான். அவர் சிறிதும் தயங்காமல், “ஞாயிற்றுக்கிழமை காலை கடற்கரைக்கு வாருங்கள் சார், காட்டுகிறேன்” என்றார். அவருடைய அண்ணன் மகன் அங்கே ஓர் அலைச்சறுக்குப் பள்ளியில் பயிற்றுநராக இருந்தார்.

சென்றேன். நந்தினி, ஷாம்பவி ஆகிய இரண்டு ஆறுகளும் ஒன்றுகூடிக் கடலில் கலக்கும் சசிஹித்லு கடற்கரை அது. தேசிய அளவிலான அலைச்சறுக்குப் போட்டிகள் நடைபெற்ற இடம். பயிற்சி முடித்துக் கரையேறிய இளைஞர் ஒருவர் தம் காரின் பின்கதவைத் திறந்துவைத்து, அதை ஒரு கையால் பற்றிக்கொண்டு, உடலோடு ஒட்டியிருந்த நனைந்த உடையை மற்றொரு கையால் உரிக்கத் தொடங்கினார். தோள்வரை எளிதாக வந்த உடை கணுக்காலில் சிக்கியது. ஒற்றைக் காலில் நின்று தத்தினார். உலர்ந்த காற்சட்டைக்குள் நுழைய வேண்டிய கால் மணலில் ஊன்றியது. மணல் ஒட்டிய காலைக் கழுவ நீர் இல்லை. கடைசியில் நனைந்த உடையைச் சுருட்டிக் காரின் இருக்கையில் எறிந்தார். இருக்கையும் நனைந்தது.

நான் தென்காசிப் பக்கத்தைச் சேர்ந்தவன். குற்றால அருவியில் குளித்துவிட்டு ஈரப்பாறையின்மேல் ஒற்றைக் காலில் நின்று வேட்டி மாற்றியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று. உலர்ந்த வேட்டியின் நுனி நீரில் தோய்ந்துவிடுமே என்று அதைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இராமேசுவரத்தில் அக்னி தீர்த்தத்தில் நீராடியவர்களும் இதை அறிவார்கள். ஆகவே, அந்தப் பொருளின் தேவை எனக்கு ஐந்து நிமிடத்தில் விளங்கிவிட்டது. அந்தப் பொருளைப் பற்றி விளங்கியதோ அதற்குப் பிறகுதான்.

இந்த விரிப்பு பிறந்தது நம் நாட்டைப் போன்ற வெப்பக் கடலோரத்தில் அன்று. குளிர்ந்த கடல்களின் கரையில். சான்பிரான்சிஸ்கோவை அடுத்த பசிபிக் கடலிலும், இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலிலும் நீரின் வெப்பம் ஆண்டின் பல மாதங்களில் 10 முதல் 15 பாகை செல்சியஸ் அளவிலேயே இருக்கும். அந்த நீரில் வெற்றுடம்போடு நெடுநேரம் இருக்க இயலாது. 1930இல் டூபாண்ட் நிறுவனத்தில் நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பர் உருவாக்கப்பட்டது. 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியப் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஹியூ பிராட்னர், நுண்குமிழிகள் நிறைந்த நியோப்ரீனைக் கொண்டு உடலோடு ஒட்டிய நீச்சல் உடையை வடிவமைத்தார். ஏறத்தாழ அதே காலத்தில், 1952இல், ஜாக் ஓ’நீல் சான்பிரான்சிஸ்கோவில் தம் அலைச்சறுக்குக் கடையைத் திறந்து இவ்வகை உடைகளைப் பரவச் செய்தார். ‘வெட்சூட்’ எனப்படும் இந்த உடை நீர் புகாததன்று. உள்ளே புகும் சிறிதளவு நீர் தங்கி, உடற்சூட்டால் வெதுவெதுப்பாகிறது; குமிழிகளுக்குள் அடைபட்ட வாயு அந்தச் சூடு வெளியேறாமல் தடுக்கிறது. குமிழியில் அடைபட்ட வாயு என்ற இந்தச் செய்தியை மனத்தில் வைத்திருங்கள். நம் விரிப்பின் கதையும் அதிலேதான் இருக்கிறது.

வெட்சூட்டைக் கழற்றுவது அணிவதைவிடக் கடினம். உட்புறம் வெளியே வருமாறு உரிக்க வேண்டும். காலால் மிதித்துப்பிடித்து இழுக்க வேண்டும். மிதிக்கும் இடத்தில் கூழாங்கல் இருந்தால் மென்மையான அந்த ரப்பர் கிழியும். மணல் இருந்தால் அது ஜிப்பின் பற்களுக்குள் புகுந்து அதைப் பாழாக்கும். உடையோ விலையுயர்ந்தது. அதைக் காப்பதற்காகவே, நிற்பதற்கு ஒரு விரிப்பும், நனைந்த உடையைக் கட்டிச் செல்ல ஒரு பையும் ஒன்றாக அமைந்த இந்தச் சுருக்குப்பை வடிவம் வழக்கத்துக்கு வந்தது. நடுவில் நின்றுகொண்டு உடையைக் காலடியிலேயே கழற்றிப் போடலாம். பின் விரிப்பைவிட்டு இறங்கிக் கயிற்றை இழுத்தால் விரிப்பே பையாகிவிடும்.

நம் கடல் குளிர்ந்ததன்று. கர்நாடகக் கரையில் கடல்நீர் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 27 முதல் 30 பாகை வரை வெதுவெதுப்பாகவே இருக்கிறது. இங்கே தடித்த வெட்சூட்டுக்கு வேலை குறைவு. வெயிலுக்கும் பலகையின் உராய்வுக்கும் காப்பாக அணியும் மெல்லிய இறுக்கமான சட்டையே மிகுதி. ஆயினும் மணல் மணல்தான், ஈரம் ஈரந்தான். நண்பகல் மணலின் சூடு உள்ளங்காலைப் பொசுக்கும். வாகனம் நிறுத்தும் இடங்களிலோ கூரிய செம்பூரான் கல் பரல்கள். உடை மாற்றும் அறை உள்ள கடற்கரைகள் நம் நாட்டில் மிகக் குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: இந்த விரிப்பு காலைக் காக்குமேயன்றி மறைவு தராது. பெண்களுக்கு இதனோடு தலைவழியே அணியும் நீண்ட துவாலை அங்கியும் தேவை. அம்மையாரின் திட்ட அறிக்கையில் அது இல்லை. பின்னால் சேர்த்துக்கொண்டார்.

இனி, அன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். அம்மையார் தம் மாதிரி விரிப்பைக் கரையில் விரித்தார். பயிற்சி மாணவர் மூவர் ஒருவர்பின் ஒருவராக அதன்மேல் நின்று உடை மாற்றினர். முதலாமவர் “மெத்தென்று இருக்கிறது” என்றார். இரண்டாமவர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாமவர் ஏறி நின்றதும் அவருடைய விரல்களுக்கிடையே நீர் கசிந்தது. விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். வந்தபோது ஒரு சட்டையின் எடையில் இருந்தது, நீர் நிறைந்த குடத்தைப்போல் கனத்தது. அம்மையாரின் முகம் வாடிவிட்டது.

உள்ளே இருந்தது சாதாரண ஸ்பாஞ்ச். இருக்கை உறை தைப்பவருக்குக் கைக்கெட்டிய பொருள் அது. அதில் பிழை காண்பதற்கில்லை. இருக்கைக்கு அதுவே சிறந்தது. ஸ்பாஞ்சின் உள்ளறைகள் ஒன்றோடொன்று திறந்தவை. அழுத்தினால் காற்று வெளியேறும், விட்டால் புகும். ஆதலால்தான் அது மெத்தென்று இருக்கிறது. ஆனால் காற்று புகும் வழியே நீரும் புகும். ஒரு மீட்டர் விட்டமும் ஒரு சென்டிமீட்டர் தடிமனும் உள்ள வட்டத்தின் கன அளவு ஏறத்தாழ 7.85 லிட்டர், ஸ்பாஞ்சில் அதன் பெரும்பகுதி வெற்றிடமே. பாதி நிறைந்தாலும் நான்கு கிலோ நீரைச் சுமக்க வேண்டும். மேலும், அது கடல்நீர். கடலுப்பு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. நன்னீரில் அலசாமல் உலர்த்தினால் கடலோரக் காற்றில் அது முழுமையாக உலர்வதே இல்லை. சில நாட்களில் நாற்றமும் பூசணமும் வந்துவிடும்.

இன்னொரு குறையும் இருந்தது. ஸ்பாஞ்ச் நகராமல் இருப்பதற்காக அம்மையார் விரிப்பு முழுவதும் கட்டம் கட்டமாகத் தையல் ஓட்டியிருந்தார். குளிர்காலப் போர்வையைப்போல் அழகாகவே இருந்தது. ஆனால் நீர் புகாத அடித்துணியில் ஊசி குத்திய ஒவ்வொரு இடமும் ஒரு துளை. நிற்பவரின் எடை மேலிருந்து அழுத்த, ஈரமணலின் நீர் அத்தனை துளைகளின் வழியாகவும் மேலேறியது.

இந்த இடத்தில் என் பிழையையும் ஒப்புக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை மாலையில், சந்தை இல்லை என்று சொல்லி அந்த விண்ணப்பத்தைத் திருப்பிவிடும் மனநிலையில்தான் இருந்தேன். சந்தை இருந்தது, பொருளில்தான் குறை. இன்னொரு அலுவலர், ஆண்டிறுதி இலக்கை நினைத்து, அன்றே ஒப்பளித்திருக்கவும் கூடும். அப்படி நடந்திருந்தால் கடன் தொகையில் பெரும்பங்கு ஸ்பாஞ்ச் சுருள்களாக மாறி அவர் வீட்டுத் திண்ணையை நிறைத்திருக்கும். நாங்கள் பிணையம், வருமானச் சான்று, விலைப்புள்ளி எல்லாவற்றையும் சரிபார்க்கிறோம். பொருளை ஒரு வாளி நீரில் முக்கிப் பார்ப்பது எந்தப் படிவத்திலும் இல்லை.

தேவைப்பட்டது மூடிய அறைகளைக் கொண்ட நுரைப்பொருள். வெட்சூட்டில் சொன்ன அதே தத்துவம்: ஒவ்வொரு குமிழியும் தனித்தனியே மூடியிருப்பதால் நீர் உள்ளே நுழைய வழியில்லை. சந்தையில் இவ்வகையில் இரண்டு பொருள்கள் எளிதாகக் கிடைக்கின்றன. ஒன்று ஈ.வி.ஏ. எனப்படுவது; காலணிகளின் அடிப்பகுதியிலும் குழந்தைகள் விளையாடும் தரைவிரிப்புகளிலும் பார்த்திருப்பீர்கள். மற்றொன்று பாலிஎதிலீன் நுரைத்தாள். மலையேறுவோர் பையின்மேல் சுருட்டிக் கட்டிச்செல்லும் பாய் பெரும்பாலும் இதுதான். ஈ.வி.ஏ. சற்று விலை மிகுந்தது. அழுத்தியபின் நன்றாக மீண்டெழும். மற்றது இலேசானது, மலிவானது. ஆனால் குதிகால் படும் இடத்தில் விரைவில் நசுங்கிப்போகும். உடை மாற்றும் விரிப்பில் முழு உடலின் எடையும் இரண்டு உள்ளங்கால்களில், சில வேளைகளில் ஒரே குதிகாலில், இறங்குகிறது. எனவே நிற்கும் பகுதிக்கு ஈ.வி.ஏ.வே தக்கது என்பது என் முடிவு.

நுரைத்தாளின் தரத்தை அதன் அடர்த்தியைக் கொண்டு சொல்வார்கள். ஒரு கன மீட்டருக்கு இத்தனை கிலோகிராம் என்று. விலைப்புள்ளி கேட்கும்போது தடிமனை மட்டும் கேட்டால் போதாது, அடர்த்தியையும் எழுதி வாங்க வேண்டும். சொன்னதும் வந்ததும் ஒன்றுதானா என்று பார்க்கச் சமையலறைத் தராசே போதும். ஒரு மீட்டர் சதுரமும் 10 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள தாளின் கன அளவு நூற்றில் ஒரு கன மீட்டர். அது ஒரு கிலோ எடை இருந்தால் அடர்த்தி 100. அரைக் கிலோவே இருந்தால் 50. அடர்த்தி குறையக் குறைய உள்ளே பொருள் குறைவு, காற்று மிகுதி. முதல் நாள் மெத்தென்று இருந்து முப்பதாம் நாள் அப்பளமாகிவிடும்.

அம்மையார் அதற்குப் பின் ஒவ்வொரு விற்பனையாளரிடமும் ஓர் அடிச் சதுரத் துண்டு வாங்கிவந்து இரண்டு சோதனைகள் செய்தார். துண்டை எடைபோட்டு, கல் வைத்து இரவு முழுவதும் நீரில் அமிழ்த்தி, மறுநாள் மேற்பரப்பைத் துடைத்து மீண்டும் எடைபோடுவது ஒன்று. நிறைந்த எரிவாயு உருளையை ஒரு நாள் அதன்மேல் நிறுத்தி, எடுத்த பிறகு பள்ளம் எவ்வளவு நேரத்தில் நிரம்புகிறது என்று பார்ப்பது இன்னொன்று. ஆய்வகச் சான்றுக்கு ஈடாகாதுதான். ஆனால் நான்கு மாதிரிகளில் இரண்டை அன்றே கழித்துவிட முடிந்தது. இத்தகைய விரிப்பை வாங்க நினைப்பவர்கள் அதை வெட்டிப் பார்க்க முடியாது. தையல் ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்து, உள்ளே இருப்பது ஸ்பாஞ்சா, நுரைத்தாளா என்று உணரலாம். உள்ளிருக்கும் பொருளைக் குறிப்பிடாத விரிப்பை வாங்காமலிருப்பதே நலம்.

அடுத்த சிக்கல் வடிவத்தைப் பற்றியது. இதில்தான் ஒரு வணிகவியல் பட்டதாரிக்குச் சற்று வேலை கிடைத்தது. நுரைத்தாளும் துணியும் வட்டமாக விற்கப்படுவதில்லை, நீள்சதுரமாகவே வருகின்றன. ஒரு மீட்டர் சதுரத்திலிருந்து ஒரு மீட்டர் விட்டமுள்ள வட்டத்தை வெட்டினால் நான்கு மூலைகளிலுமாக 21.5 விழுக்காடு கழிந்துபோகும். அம்மையாரின் திட்ட அறிக்கையில் வட்டத்தின் பரப்புக்கு மட்டுமே பொருட்செலவு கணக்கிடப்பட்டிருந்தது. நுரைத்தாள் சதுர மீட்டர் 400 ரூபாய் என்று ஓர் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். ஏட்டில் 314 ரூபாய். கையிலிருந்து போவது 400 ரூபாய். ஒரு விரிப்புக்கு 86 ரூபாய் என்றால் 500 விரிப்புகளுக்கு 43,000 ரூபாய். அவர் எதிர்பார்த்த இலாபத்தில் கணிசமான பங்கு அந்த மூலைகளிலேயே கிடந்தது.

தீர்வு அலுவலகத்தில் பிறக்கவில்லை. அவருடைய தையல் மேசையில் பிறந்தது. ஒரு மீட்டர் வட்டம் முழுவதும் தடித்த நுரைத்தாளை வைத்தால் கயிற்றை இழுக்கும்போது அது சுருங்காமல் முரண்டு பிடிக்கிறது. நின்று உடை மாற்ற உண்மையில் தேவைப்படும் இடமோ நடுவிலுள்ள அரை மீட்டர்தான். எனவே நடுவில் மட்டும் 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள மெத்தை. அதைச் சுற்றி வெறும் துணி. கயிற்றை இழுத்தால் துணி மட்டும் சுருங்கி மேலெழ, மெத்தைப் பகுதி பையின் தட்டையான அடிப்பாகமாக அமைந்துவிடுகிறது. அரை மீட்டர் சதுரம் என்பது முழு மீட்டர் சதுரத்தில் கால் பங்கே. முன்சொன்ன எடுத்துக்காட்டு விலையில் நுரைத்தாள் செலவு 400 ரூபாயிலிருந்து 100 ரூபாயாகக் குறைந்தது. கட்டம் கட்டமான தையலும் தேவையற்றுப் போயிற்று. மெத்தையை ஓர் உறைக்குள் செருகி, விளிம்பைச் சுற்றி ஒரே தையல். துணியின் மூலைகளும் வீணாகவில்லை. வளைந்த விளிம்பில் கயிறு ஓடும் குழலைத் தைக்க, தையற்காரர்கள் கிராஸ் என்று சொல்லும் குறுக்குவெட்டுப் பட்டி வேண்டும். அதை அந்த மூலைகளிலிருந்தே வெட்டிக்கொண்டார்.

சிறு உறுப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பருத்தி நூலும் பருத்திக் கயிறும் கடல்நீரில் இற்றுப்போகும். பாலியெஸ்டர் அல்லது நைலானே ஏற்றது. கயிறு வெளிவரும் கண்வளையம் இரும்பானால் ஒரே பருவத்தில் துருவேறித் துணியையும் கறைப்படுத்தும். பித்தளையோ பிளாஸ்டிக்கோ போதும். அடித்துணி நீர் புகாப் பூச்சுள்ளதாக, சற்றே சொரசொரப்பானதாக இருக்க வேண்டும். வழவழப்பான தார்ப்பாய் ஈரச் சிமென்ட் தரையில் வழுக்கும்.

கூடாரங்களில் தங்குவோரையும் அம்மையார் விண்ணப்பத்தில் குறிப்பிட்டிருந்தார் அல்லவா? அவர்களுடைய தேவை வேறு. இமயமலைச் சரிவில் விடியற்காலையில் கூடாரத்தைவிட்டு வெளியே காலை வைத்தவர்களுக்கு அது தெரியும். அங்கே எதிரி மணலன்று, குளிர்ந்த தரை. உடலின் சூடு உள்ளங்கால் வழியே தரைக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். அசையாத காற்று வெப்பத்தை மிகக் குறைவாகக் கடத்துகிறது. நீர் அதைப்போல் இருபது மடங்குக்கும் மேல் கடத்துகிறது. ஆகவே நீரை உறிஞ்சிய ஸ்பாஞ்ச் அங்கே குளிரைத் தடுக்காமல் கடத்தவே செய்யும். மூடிய குமிழிகளைக் கொண்ட நுரைத்தாள் நனைந்தாலும் காக்கும். படுக்கைப் பாய்கள் வெப்பத்தை எவ்வளவு தடுக்கின்றன என்பதை ‘ஆர்’ மதிப்பு என்று எண்ணால் குறிப்பார்கள். எண் கூடினால் காப்பும் கூடும். உடை மாற்றும் விரிப்புக்கு அவ்வளவு நுட்பம் வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம்: இரவில் படுக்கவும் இதுவே போதும் என்று விற்பனையாளர் சொன்னால் நம்பாதீர்கள்.

பணக் கணக்குக்கு வருகிறேன். மேற்குக் கடற்கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கடல் கொந்தளிக்கும், அலைச்சறுக்குப் பயிற்சி பெரும்பாலும் நின்றுவிடும். அக்டோபர் முதல் மே வரைதான் விற்பனை. அம்மையாரோ 4 இலட்சத்தையும் ஒரே தவணைக் கடனாக, ஆண்டு முழுவதும் ஒரே அளவான மாதத் தவணையில் கேட்டிருந்தார். வருமானம் இல்லாத நான்கு மாதங்களில் தவணைக்கு எங்கே போவது? சிறுதொழில் கடன்கள் நிலுவையில் விழுவதற்குத் தொழில் நட்டம் மட்டுமே காரணம் என்று எண்ணுகிறோம். பணம் வரும் மாதமும் தவணை வரும் மாதமும் பொருந்தாமையே காரணமாக அமைந்த கணக்குகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

எனவே கடனை இரண்டாகப் பிரித்தோம். தடித்த துணியைத் தைக்கும் இயந்திரங்களுக்கு 1.40 இலட்சம் ரூபாய் தவணைக் கடன். முதல் தவணை மழைக்காலம் முடிந்த பின். மூலப்பொருளுக்கும் கடன் விற்பனைக்கும் காசுக்கடன் வரம்பு. இந்த வரம்பைக் கணக்கிடுவதற்குச் சிறுதொழில்களுக்கு எளிய முறை ஒன்று நடைமுறையில் உள்ளது. எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25 விழுக்காடு நடைமுறை மூலதனத் தேவை என்று கொண்டு, அதில் 20 விழுக்காட்டை வங்கி அளிக்கும். 5 விழுக்காட்டை உரிமையாளர் போட வேண்டும். அவருடைய மதிப்பீடு 9 இலட்சம் ரூபாய் விற்பனை. வங்கியின் பங்கு 1.80 இலட்சம், அவருடைய பங்கு 45,000 ரூபாய். காசுக்கடனில் எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டுமே வட்டி. மழைக்காலத்தில் வரம்பை நிரப்பி வைத்துவிட்டால் வட்டிச்சுமை இராது. இரண்டும் சேர்ந்து 3.20 இலட்சம். முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் 5 இலட்சம் வரையிலான கிஷோர் பிரிவுக்குள் இது அடங்கியது, பிணையமும் தேவைப்படவில்லை. 4 இலட்சம் கேட்டவருக்குக் குறைத்துக் கொடுத்தோமே என்று தோன்றலாம். நுரைத்தாள் செலவு கால் பங்காகிவிட்டது என்பதை மறக்க வேண்டாம்.

உத்யம் பதிவையும் செய்துகொள்ளச் சொன்னேன். இணையத்தில் கட்டணமின்றிச் செய்யலாம். இடைத்தரகருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அதன் பயன் ஓராண்டுக்குள்ளேயே தெரிந்தது. விரிப்புகளை வாங்கிய கடைக்காரர் ஒருவர் மாதங்களைக் கடத்திக்கொண்டே போனார். குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006இன்படி, பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனத்திடம் பொருள் வாங்கியவர் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாகச் சேரும். வழக்குக்கெல்லாம் போகவில்லை. உத்யம் எண்ணை அச்சிட்ட விலைப்பட்டியலையும் இந்தச் சட்டத்தைக் குறிப்பிட்ட ஒரு கடிதத்தையும் அனுப்பினார். பணம் வந்தது.

இந்த விளையாட்டுக்கு நம் நாட்டில் ஆதரவு பெருகிவருகிறது. டோக்கியோ ஒலிம்பிக் முதல் அலைச்சறுக்கு ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெறுகிறது. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசியச் சாம்பியன் போட்டி நடந்து, அதில் இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். ஆயினும் அம்மையாரின் விரிப்பை வாங்குவோர் அனைவரும் அலைச்சறுக்கு வீரர்கள் அல்லர். நீச்சல் குளத்துக்குச் செல்லும் பிள்ளைகளின் பெற்றோர், ஆற்றுப்படித்துறைக்குச் செல்லும் முதியோர், ஏன், கார் பழுதானால் மண்டியிட்டுச் சக்கரம் மாற்றும் ஓட்டுநர்கள்கூட வாங்குகிறார்கள் என்றார். திட்ட அறிக்கையில் இவர்களில் ஒருவரும் இல்லை.

வாங்கியவர்கள் எல்லாரிடமும் அவர் சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: நனைந்த உடையை உள்ளேயே கட்டி இரவு முழுவதும் விட்டுவிடாதீர்கள்; வீட்டுக்குப் போனதும் நன்னீரில் அலசி, நிழலில் விரித்து உலர்த்துங்கள். கடும் வெயில் நீர் புகாப் பூச்சை உரித்துவிடும். அடைத்துவைத்தால் நாற்றம் வரும். இந்த இரண்டுக்கும் ஆளாகாத விரிப்பு பல பருவங்கள் உழைக்கும்.

அந்தக் கிளையிலிருந்து மாறுதல் பெற்ற நாளில் அம்மையார் எனக்கும் ஒரு விரிப்பைக் கொடுக்க வந்தார். வாடிக்கையாளரிடம் அன்பளிப்புப் பெறுவது எங்களுக்கு ஏற்புடையதன்று என்று சொல்லி, விலை கொடுத்தே வாங்கிக்கொண்டேன். சென்ற சாரல் பருவத்தில் குற்றாலத்துக்குப் போனபோது அதைக் கொண்டுபோனேன். வேட்டியைப் பல்லில் கடிக்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் நின்றிருந்த பெரியவர் ஒருவர், தாமும் அதன்மேல் ஏறிக்கொள்ளலாமா என்று கேட்டார்.